இரண்டாவது அடி

பயந்தேன் என்று சொன்னால் போதும் என்கிறார் வக்கீலம்மா. ஒரே ஒரு சொல். காலையில் சவரம் செய்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். நுரைக்கு நடுவே உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுக்களையிலிருந்து சொர்ணம், கூப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த இல்லை மட்டும் எவ்வளவு கம்பீரமாக வந்தது. இப்போது இந்தக் கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் சொல்லிப் பார்க்கிறேன், வாயை மூடிக்கொண்டு, நாக்கை மட்டும் உள்ளே புரட்டி. பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஏதோ பாகப்பிரிவினை வழக்குக்கு வந்தவர், வெற்றிலை போடுகிறவர், நானும் எதையோ மெல்லுகிறேன் என்று நினைத்து வெற்றிலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சாட்சிகள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். இன்று என்னைக் கேட்கும் நாள். ஆவுடையப்பன், நீ கொம்பையாவை அடித்தாயா, ஏன் அடித்தாய் என்று நீதிபதி அம்மா கேட்பார். பயந்து அடித்தேன் என்று நான் சொல்லி, அதை அவர் நம்பினால் விடுதலை, வீட்டிலேயே லுங்கி கட்டிக்கொண்டு கிடக்கலாம். நம்பாவிட்டால் கொலை முயற்சி, வருஷக்கணக்கில் உள்ளே. நாக்கைப் புரட்டுவதில் இவ்வளவு இருக்கிறது. நானூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்குகிற கைதான், போர்வெல்லில் பைப்பு பைப்பாகக் கழற்றி மேலே எடுக்கிற கைதான், இந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல்லை மேலே கொண்டுவரத் தெரியவில்லை அதற்கு.

வக்கீலம்மா பெயர் பாக்கியசீலி. பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரிதான் பேசுவார், புரிந்ததா புரிந்ததா என்று கேட்டுக் கேட்டு. முதல் தடவை ஜாமீனில் வந்து அவர் ஆபீசில் உட்கார்ந்தபோது, நான்தானம்மா முதலில் அடித்தேன், அப்புறம் எப்படி அது தற்காப்பு ஆகும் என்று கேட்டேன். எங்கள் ஊரில் எந்தச் சண்டையிலும் முதல் கேள்வி அதுதான், யார் முதலில் கை வைத்தது. முதலில் வைத்தவன் தப்பு, முடிந்தது பஞ்சாயத்து. அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அடி விழுற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும்னு சட்டம் சொல்லல. அடி விழும்னு நியாயமா பயந்தா போதும், முந்திக்கலாம். ஆனா பயம் இருக்கிற வரைக்கும்தான். பயம் போன பிறகு கை ஓங்கினா அதுக்குப் பேரு தற்காப்பு இல்ல." அப்புறம் ஒரு நாயைச் சொன்னார். கடிக்க வருகிற நாயின் மேல் கல்லை எறியலாம், வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடுகிற நாயின் மேல் எறியக் கூடாது. புரிந்ததா. புரிந்தது. ஆனால் திரும்புகிற நாய் ஓடுவதற்குத் திரும்புகிறதா, இன்னும் இரண்டு நாயைக் கூட்டிக்கொண்டு வரத் திரும்புகிறதா என்று கல் வைத்திருப்பவனுக்கு எப்படித் தெரியும். இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அவர் என் கேசைத் திருப்பிக் கொடுத்திருப்பார். போலீசுக்குப் போக நேரம் இருந்தால் போலீசுக்குப் போக வேண்டும், அதுவும் சட்டம். போனேன். சம்பவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போனேன். எல்லாரும் பக்கத்து ஊர் தேரோட்டத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்கள். இருந்த ஒரே ஒரு போலீஸ்காரர் என் பேச்சைப் பாதி கேட்டார், அடிச்சானா என்று கேட்டார், இன்னும் இல்லை என்றேன், நாளைக்கு ஐயா வந்த பிறகு வா என்றார். நாளைக்கு. கொம்பையாவும் அந்த நாளையைத்தான் சொல்லியிருந்தான். இருவரில் யாராவது ஒருவர் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தால் நான் இந்தப் பெஞ்சில் இருந்திருக்க மாட்டேன்.

கொம்பையாவுக்கும் எனக்கும் முன்பகை எதுவும் இல்லை. நல்ல உயரம், அகலமான தோள், பேசும்போது எதிரில் இருப்பவனின் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுவான். அவன் தோட்டத்துப் போர்வெல்லில் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டான். மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து மோட்டார் குழிக்குள் விழுந்து நடுவில் சிக்கிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. நல்ல கயிறு. நல்ல கயிறும் அறும். குலை தள்ளுகிற நேரத்தில் அவன் வாழை முழுக்கக் கருகிப் போனது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று யாரோ அவனிடம் ஓதிவிட்டார்கள், அவனும் நம்பிவிட்டான். கருகின தோட்டத்தைத் தினமும் பார்க்கிறவன் எதையும் நம்புவான், அதை நான் குற்றம் சொல்லவில்லை. டீக்கடையில் எல்லார் முன்னாலும் வந்து என் நெஞ்சைத் தட்டினான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டிக் காப்புக் கட்டியிருந்த நேரம், அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. "காப்பு கட்டிருக்கேம்லே, அதான் பேசிக்கிட்டு நிக்கேன். அவுத்த அன்னைக்கு நீ இருக்க மாட்ட." அவ்வளவுதான் சொன்னான். சத்தம்கூடப் போடவில்லை. காப்புக் கட்டியவன் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, ரத்தம் பார்க்கக் கூடாது. கொம்பையா அதிலெல்லாம் சுத்தமானவன். ஆகையால் கொடை முடிகிற வரைக்கும் அந்த ஊரிலேயே எனக்கு மிகவும் பாதுகாப்பான மனிதன் அவன்தான். நம்புவீர்களா, அவன் பக்கத்திலேயே நின்று வில்லுப்பாட்டுக் கேட்டேன். அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். படைப்புச் சோறு வாங்கும்போது வரிசையில் எனக்கு முன்னால் அவன், அந்தக் கயிறு வியர்வையிலும் மஞ்சள் தண்ணீரிலும் நிறம் மங்கி, முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது. அந்த முடிச்சில்தான் என் உயிர் இருந்தது. வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். இதை ஜட்ஜம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை என்றார். ஒருவன் மணிக்கட்டில் கயிறு இல்லை என்பதைப் பார்த்து இன்னொருவன் நடுங்கினான் என்றால், அது நியாயமான பயமா இல்லையா. வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் கை.

அந்த வெறும் கையைத்தான் நான் முதலில் பார்த்தேன். கொடையின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள். தெற்குத் தெரு மோட்டார் ஒன்றைச் சரிபார்த்துவிட்டு, கையில் பைப்பு ரிஞ்சோடு, முழ நீள இரும்பு அது, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். பையில் போடாமல் ஏன் கையில் வைத்திருந்தீர்கள் என்று வக்கீலம்மா கேட்கிறார். பை கிழிந்திருந்தது. பை கிழிந்திருந்ததாலா, பயத்தாலா. இரண்டும்தான். மனிதனுக்கு ஒரு காரியத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கட்டடத்துக்குள் எல்லாரும் ஏன் நினைக்கிறார்கள். பஸ் வந்தது. கொம்பையா இறங்கினான். எல்லை தாண்டிப் போய்விட்டு வருகிறான், அப்படியென்றால் காப்பு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம். பஸ் போய்விட்டது. அவனும் நானும். தள்ளி டீக்கடையில் இரண்டு பேர், அவர்கள்தான் பின்னால் சாட்சிகள். அவன் என்னைப் பார்த்தான், நின்றான். ஒன்றும் பேசவில்லை. அவன் பேசியிருக்கலாம். என் நெஞ்சைத் தட்டியிருந்தாலாவது நான் அவன் கையை அங்கே பார்த்திருப்பேன். அவன் வலது கை மேலே போனது, தோளுக்கு மேலே, பிடரிக்குப் பின்னால், சட்டைக் காலருக்கு. எங்கள் பக்கத்தில் சட்டைக்குள் முதுகோடு அருவாளைச் செருகிக்கொண்டு வருகிறவன் அதை எடுக்கக் கை போகிற இடம் அது. அதே இடத்தில்தான் ஆனி ஆடியில் சாரலுக்குப் பயந்து எல்லா ஆண்களும் குடையின் கொக்கியை மாட்டிக்கொண்டு திரிவோம், இரண்டு கையும் சும்மா இருக்கட்டும் என்று. நானும் மாட்டுவேன். அன்றைக்கும் ஊரில் பாதி முதுகுகளில் குடை தொங்கியிருக்கும். எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் தெரிவது ஒரு பக்கம் இருந்தது, கை போன வேகம் இன்னொரு பக்கம் இருந்தது. சாரல் அப்போது விழத் தொடங்கியிருந்ததா என்று வக்கீலம்மாவும் கேட்டார், போலீசும் கேட்டது, அரசு வக்கீலும் டீக்கடைக்காரரைக் கேட்டார். விழுந்தது என்றார் அவர். எனக்கு ஒரு துளி ஞாபகம் இருக்கிறது. ரிஞ்சைப் பிடித்திருந்த விரல் மேல் ஒரு துளி. அது அடிப்பதற்கு முன்னால் விழுந்த துளியா, பின்னால் விழுந்ததா. முன்னால் என்றால், மழை வருகிறது, குடையை எடுக்கிறான் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பின்னால் என்றால் நான் நிரபராதி. ஒரு மழைத்துளியை எத்தனை தடவைதான் விரலில் விழவைத்துப் பார்ப்பது. சில நாள் முன்னால் விழுகிறது, சில நாள் பின்னால் விழுகிறது. சில நாள் அது மழையே இல்லை, என் வியர்வை.

அடித்தேன். முழங்கைக்குக் கீழே பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, பைப்பு விரிசல் விடும்போது கேட்கிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் கை கீழே வந்தபோது கூடவே அதுவும் வந்து விழுந்தது. கறுப்புக் குடை. விழுந்த வேகத்தில் பாதி விரிந்துகொண்டது. இந்த இடம் வரைக்கும் வக்கீலம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. இது வரைக்கும் சட்டம் என் பக்கம் நிற்கும், அல்லது நிற்கவைக்கலாம் என்கிறார். முன்னால் மிரட்டியவன் பின்னால் கை போட்டான், இவன் பயந்தான், அடித்தான், சரி. குடை விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் வழக்கு. டீக்கடைக்காரர் சாட்சி சொல்லிவிட்டார், குடை விழுந்துச்சுங்க, இவரு குனிஞ்சு அதைப் பாத்தாரு, அப்புறம் நிமிந்து மறுபடி அடிச்சாரு என்று. குனிந்தேனாம். குனிந்தேன்தான். இரண்டாவது அடி தலையைப் பார்த்துப் போய், அவன் ஒதுங்கியதால் தோளில் இறங்கிற்று. அந்த ஒதுங்கல் இல்லையென்றால் இது கொலை வழக்கு. வக்கீலம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: இரண்டு அடியும் ஒரே மூச்சில் விழுந்தது, குடையை நான் பார்க்கவே இல்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது, பயம். திருப்பிச் சொல்லுங்க என்றார். திருப்பிச் சொன்னேன். நல்லா இருக்கு என்றார். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் குடையை நான் பார்த்தேன். அதன் மேல் இருந்த கடைப்பெயர் வரைக்கும் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில்தான், இதை யாரிடம் சொல்ல, அந்த நொடியில்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. முதல் அடிக்கு முன்னால் இருந்த பயம் ஒரு பயமா. அதில் ஒரு இருக்கலாம் இருந்தது. கொல்லலாம், கொல்லாமலும் போகலாம். குடையைப் பார்த்த பிறகு அந்த இருக்கலாம் போய்விட்டது. ஒன்றும் செய்யாத கொம்பையாவின் கையை உடைத்துவிட்டேன், அவன் என் எதிரில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான், என்னைவிட ஒரு அடி உயரமாக, இன்னொரு கை அவனிடம் இருக்கிறது, அவன் என்னைப் பார்க்கிறான். இனிமேல் இவன் என்னை விடமாட்டான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. இதுவரை அவன் வாயால் சொன்னதை நான் என் கையால் உண்மையாக்கிவிட்டேன். அப்படி நினைத்தேனா, அல்லது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இப்படி நினைக்கக் கற்றுக்கொண்டேனா. நினைக்கவில்லை. நினைக்க நேரம் ஏது. ரிஞ்சோடு கை போய்விட்டது, அது மட்டும் நிச்சயம். குடை விழுந்ததும் பயம் போயிருக்க வேண்டும் என்று சட்டத்தை எழுதியவர்கள் யாரும் ஒருவனை ஒரு தடவை அடித்துவிட்டு அவன் எதிரில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

பயந்தவனை ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். சிங்கமாக்கியது. சொர்ணத்தின் தம்பி செல்லக்கண்ணு, என் மச்சினன், நான் ரிமாண்டில் இருக்கும்போதே பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்துவிட்டான். ரேஷன் கார்டுக்கு எடுத்த என் போட்டோவைப் பெரிதாக்கி, பக்கத்தில் வாயைப் பிளந்த சிங்கம் ஒன்று, கீழே களம் கண்ட காளையே என்று ஒரு வரி. சிங்கமா காளையா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் போட்டோவில் என் முகம் ஏதோ வயிற்று வலிக்காரன் முகம் மாதிரி இருக்கும், சிங்கத்தின் பக்கத்தில் வைத்ததும் அதுவே கோபமாகத் தெரிந்துவிட்டது. வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். நியாயமான பயம் என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ரோட்டில் சிங்கம் வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினார். கழற்றச் சொன்னார். கழற்றுவதற்குள் அரசு வக்கீல் கையில் போட்டோ போய்விட்டது. ஜாமீனில் ஊருக்கு வந்த அன்று ஆளுக்கு ஆள் வந்து கை குலுக்கினார்கள். யாரும் என் தோளில் கை போட்டதில்லை அதுவரைக்கும், மோட்டார் ஓடவில்லை என்றால் மட்டும் என் ஞாபகம் வரும். இப்போது டீக்கடையில் பெஞ்சு காலி செய்து கொடுக்கிறார்கள். அதில் எனக்குச் சுகம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. கொஞ்ச நாள் மீசையைக்கூட இழுத்து விட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால், கதவுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், கொல்லைப்புறத்தில் தேங்காய் மட்டை விழுந்தால் எழுந்து உட்காருகிறேன். சொர்ணம் பார்க்காதது மாதிரி புரண்டு படுத்துக்கொள்கிறாள். ஒருநாள் மட்டும் சொன்னாள், "பயமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிருங்க. ஒண்ணும் குறைஞ்சிராது." குறையும். இதோ வேனில் வந்து இறங்கி வராந்தா ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார்களே, செல்லக்கண்ணு கூட்டிவந்த பத்துப் பன்னிரண்டு பேர், அவர்கள் எல்லாரும் என் வாயிலிருந்து அதைக் கேட்பார்கள். செல்லக்கண்ணு காலையில் வேனில் வரும்போதே என் காதில் சொல்லிவிட்டான், அத்தான், வக்கீலு ஆயிரம் சொல்லும், நீங்க ஆம்பள மாதிரி நில்லுங்க, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு இறங்கி வந்திருங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம் என்று. எதைப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே போய்க் களி தின்னப்போவது நான். சிங்கமாக உள்ளே போகிறதா, பயந்தாங்கொள்ளியாக வீட்டுக்குப் போகிறதா. யாராவது ஒருவர், மனிதனாக எங்கேயாவது போக வழி உண்டா என்று சொன்னால் தேவலை.

படியேறி வருகிறான். நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிகிறது, வராந்தாவில் பேச்சு அடங்குகிறது. கொம்பையாவும் அவன் மனைவியும். அவன் சாட்சி சொல்லி முடித்தாயிற்று, வரவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறான். வலது கை தோளுக்கு மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சாட்சி சொன்னார். சட்டை போடுவதற்கு அந்த அம்மாள்தான் உதவ வேண்டும்போல. ஓரக்கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, கை இடுப்போடு ஒட்டித் தொங்குகிறது. அவன் என்னை எங்கிருந்து பார்க்கிறான் என்று என் முதுகுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. திரும்பிப் பார்க்கலாமா. திரும்பினால் முறைக்கிறேன் என்று நினைப்பான். திரும்பாவிட்டால் மதிக்கவில்லை என்று நினைப்பான். அவன் ஏன் வருகிறான் தெரியுமா என்று செல்லக்கண்ணு சொல்லியிருக்கிறான், உங்களை மனசில் குறித்துக்கொள்ள வருகிறான் அத்தான், கேசு முடியட்டும், முந்திக்கணும் நாம. முந்திக்கணும். மறுபடியுமா. ஒரு தடவை முந்தியதற்கே இரண்டு அடி தேவைப்பட்டது. வெற்றிலைப் பெரியவர் எழுந்துபோய் எட்டி உமிழ்ந்துவிட்டு வந்து உட்காருகிறார். உள்ளே மின்விசிறி கடகடக்கிறது, பேரிங் போயிருக்கும். டவாலி வெளியே வந்து என் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிடுகிறார். ஆவுடையப்பன், ஆவுடையப்பன், ஆவுடையப்பன். கோர்ட்டில் மட்டும்தான் என் பெயர் இவ்வளவு நீளம்.

கூண்டுக்கு மரப்படி ஒன்று. ஏறி நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா. பிடித்தால் நடுக்கம் தெரியாது. நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார், வயதானவர், தூக்கம் கெட்ட முகம். வக்கீலம்மா மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் இருந்தார். பின் பெஞ்சுகளில் வெள்ளைச் சட்டைகள் வந்து உட்காருகிற சத்தம். முன் பெஞ்சில் கொம்பையாவும் அந்த அம்மாளும். நீதிபதி அம்மா ஒவ்வொரு சாட்சியாகப் பெயர் சொல்லி, இவர் இப்படிச் சொல்லியிருக்கிறார், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மோட்டார் விழுந்ததா, விழுந்தது. டீக்கடையில் வாக்குவாதமா, ஆமாம். பஸ் நிறுத்தத்தில் ரிஞ்சால் அடித்தீர்களா, ஆமாம். ஏன் அடித்தீர்கள். இதோ வந்துவிட்டது. சொர்ணம் எங்கே என்று தேடினேன், தூண் பக்கத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்தேன் என்றேன். டைப்பிஸ்ட் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. நீதிபதி அம்மாவுக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மின்விசிறிச் சத்தத்தில் நிஜமாகவே கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. "பயந்தேம்மா. எனக்கு அவரைக் கண்டா பயம். காப்பை அவுத்துட்டாருன்னு தெரிஞ்ச உடனே உசுரு இல்ல எனக்கு." ஹால் முழுக்கக் கேட்டது. பின்னால் ஒரு பெஞ்சு இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம், செல்லக்கண்ணு எழுந்து வெளியே போகிறான். அவன் நடையை எனக்குத் தெரியும். போகட்டும். என்ன ஆச்சரியம், ஒன்றும் குறையவில்லை. நான் அதே உயரத்தில்தான் நின்றேன். வக்கீலம்மா பேனாவை உருட்டுவதை நிறுத்தி முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கண்ணாலேயே நன்றாக இருக்கிறது என்றார்.

அப்புறம் நீதிபதி அம்மா டீக்கடைக்காரரின் சாட்சிக்கு வந்தார். குடை கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் அடித்ததாகச் சொல்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள். பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஒரே மூச்சு, பார்க்கவில்லை. மனப்பாடம். ஆனால் பயந்தேன் என்று அவ்வளவு சத்தமாகச் சொன்ன பிறகு, அந்தச் சொல் இன்னும் வாயில் சூடாக இருக்கும்போது, அதில் பெரிய பாதியை விழுங்கிவிட்டுச் சின்னப் பாதிக்கு மட்டும் விடுதலை வாங்குவது எப்படி. "குடைன்னு தெரிஞ்சுதும்மா" என்றேன். வக்கீலம்மா எழுந்திருக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்ச பிறகுதான் கூடப் பயந்தேன். அடிச்சிட்டேனே. இனி அவரு என்னை விடமாட்டாருன்னு பயந்துதான் மறுபடி அடிச்சேன்." நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் வக்கீலைக் கேட்டுத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். டைப்பிஸ்டின் விரல்கள் நகர்ந்தன. என்னுடைய வருஷங்கள் அங்கே எழுத்து எழுத்தாக விழுந்துகொண்டிருந்தன, எனக்கு அது தெரிந்தது. சொர்ணம் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எதற்கோ முன் பெஞ்சைப் பார்த்தேன். வழக்கு தொடங்கியதிலிருந்து அவனை நேராகப் பார்த்ததே இல்லை, அப்போதுதான் பார்த்தேன். நான் குரலை உயர்த்திய நேரத்தில் நகர்ந்திருக்க வேண்டும், கொம்பையா, அவ்வளவு பெரிய உடம்பு, பெஞ்சில் தன் மனைவிக்குப் பின்னால் ஒடுங்கி, இடது கையால் வலது தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் ஏன் வருகிறான் என்று இப்போதுதான் புரிந்தது, நான் எங்கே நிற்கிறேன், என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வருகிறான். பஸ் நிறுத்தத்தில் நான் எப்படி நின்றேனோ அப்படித்தான் அவன் உட்கார்ந்திருந்தான். பயந்தவன் என்ன செய்வான் என்பது அந்த ஹாலில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார் நீதிபதி அம்மா. எல்லாரிடமும் கடைசியில் கேட்கிற கேள்வி அது. இல்லை என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும், வக்கீலம்மாவும் தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். நான் கம்பியை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டேன். "என்னைப் பாத்துப் பயப்பட வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லுங்கம்மா" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கொம்பையா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, தரையைப் பார்த்தான். டைப்பிஸ்ட் இதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கொம்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைப்பிஸ்டிடம், வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை என்று போடச் சொன்னார்.